தேய்ந்த பேரல்: வீட்டிலேயே மாற்றுவதா, பட்டறைக்கு அனுப்புவதா?

ஒரு நல்ல போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் ரிசீவர் எனும் உடலும், தோட்டாவைப் பூட்டும் போல்ட்டும் (இரண்டும் சேர்ந்ததே ஆக்‌ஷன்) வாங்கியவரின் ஆயுளையும் தாண்டி உழைக்கும். பேரல், அதாவது குழல், அப்படியல்ல. ஒவ்வொரு முறை சுடும்போதும் தோட்டா உட்காரும் சேம்பரை ஒட்டிய த்ரோட் பகுதியைக் கொதிக்கும் வாயுவும் வெடிமருந்துத் துகள்களும் அரித்துக்கொண்டே வருகின்றன. குண்டு உரசித் தேய்வது சொற்பம்தான், இந்தச் சூடுதான் பேரலின் ஆயுளை முடிக்கிறது. .308 வின்செஸ்டர் என்றால் போட்டித் துல்லியத்தோடு சுமார் 5000 ரவுண்டு தாங்கும். 6.5 கிரீட்மோர் 2000 முதல் 3000 வரை ஓடும். சின்னத் துளைக்குள் ஏராளமான மருந்தை எரிக்கும் மேக்னம் வகைகள் 1000, 1500-க்குள்ளேயே களைத்துவிடும். .22 ரிம்ஃபயர் மட்டும் பல்லாயிரம் ரவுண்டு போனாலும் அசராது.

பேரல் போய்விட்டது என்று தெரிந்ததும் எழும் கேள்வி: நானே மாற்றிக்கொள்ளலாமா, அல்லது துப்பாக்கி சரிசெய்பவரான கன்ஸ்மித்திடம் கொடுத்துவிட வேண்டுமா? இதற்கு வழக்கமாக ஆளைப் பார்த்துப் பதில் சொல்கிறார்கள். கைத்திறமை இருந்தால் நீயே செய், இல்லையென்றால் கொடுத்துவிடு என்பார்கள். என் கருத்தில் பதில் ரைஃபிளில்தான் இருக்கிறது. புது பேரலைப் பொருத்தும்போது ஹெட்ஸ்பேஸை, அதாவது போல்ட்டுக்கும் சேம்பருக்கும் இடையிலான அளவை, யார் நிர்ணயிக்கிறார்கள்? தொழிற்சாலையா, கன்ஸ்மித்தா, நீங்களா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகத் தெளிவாகிவிடும்.

முதலில், மாற்றத்தான் வேண்டுமா?

குறி சிதறுகிறது என்றதும் பேரல்மேல் பழி போடுவது சகஜம். அதற்கு முன்னால் ஆக்‌ஷன் ஸ்குரூக்கள் இறுக்கமாக இருக்கின்றனவா, ஸ்கோப் மவுன்ட் ஆடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். வேறொரு லாட் தோட்டாவையும் சுட்டுப் பாருங்கள். அப்புறம் பேரலை உண்மையிலேயே சுத்தம் செய்யுங்கள். நான்கு பேட்ச் ஓட்டிவிட்டு நிறுத்துவதைச் சொல்லவில்லை. செம்புப் படிவு கரைய வேண்டும், சேம்பர் முடியும் இடத்தில் வளையமாக இறுகிப்போகும் கரி முழுதாக வர வேண்டும். அந்தக் கரி வளையம் பிரஷர் ஏற்றும், துல்லியத்தையும் கெடுக்கும். செத்துப்போனதாக நினைத்த பேரல் இதை எடுத்ததும் பிழைத்துக்கொள்வது உண்டு.

நுனியில் உள்ள கிரவுனையும் பாருங்கள். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டு வெளியேறும் விளிம்பு அது. அதில் ஒரு சிறு வடு விழுந்திருந்தால் வாயு ஒரு பக்கமாக முன்னேறி வெளியேறி குண்டைத் தள்ளிவிடும். அப்படியென்றால் கன்ஸ்மித்திடம் கொடுத்து கிரவுனை மட்டும் புதிதாக வெட்டினால் போதும். இவை எதுவும் இல்லை, குழலுக்குள் பார்க்கும் போர்ஸ்கோப் விட்டுப் பார்த்தால் த்ரோட் முழுக்க வறண்ட ஏரித் தரைபோல வெடித்துக் கிடக்கிறது, குண்டைச் சுழற்றும் ரைஃப்ளிங் பள்ளங்கள் தொடங்கும் இடமும் முன்னே நகர்ந்துவிட்டது என்றால்தான் மாற்றும் பேச்சே வர வேண்டும்.

ஹெட்ஸ்பேஸ்: எல்லாம் இதைச் சுற்றித்தான்

தோள் உள்ள, விளிம்பில்லாத தோட்டாக்களில் போல்ட்டின் முகத்திலிருந்து சேம்பரின் தோள்பட்டையில் உள்ள ஒரு குறிப்பிட்ட அளவுக்கோடு வரையுள்ள தூரம்தான் ஹெட்ஸ்பேஸ். .308 வின்செஸ்டரை எடுத்துக்கொள்வோம். இதைச் சோதிக்கும் அளவுக்கட்டைகளில் கோ கேஜ் 1.630 அங்குலம், நோ-கோ கேஜ் 1.634. கோ கேஜ்மேல் போல்ட் மூட வேண்டும், நோ-கோ கேஜ்மேல் மூடக் கூடாது. இரண்டுக்கும் நடுவே இருப்பது அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு, அதாவது சுமார் 0.1 மில்லிமீட்டர்.

இடைவெளி குறைந்துவிட்டால் போல்ட் மூடாது, அல்லது பலத்தைக் காட்டினால்தான் மூடும். கூடிவிட்டால் வெளியில் எதுவும் தெரியாது. தோட்டா சுகமாக உள்ளே போகும், போல்ட் வெண்ணெயாக மூடும். சுடும்போது கேஸின் (தோட்டாவின் பித்தளைக் கூடு) முன்பகுதி சேம்பர் சுவரை இறுகப் பிடித்துக்கொள்ள, பின்பகுதி மட்டும் போல்ட் முகம் வரை பின்னே தள்ளப்படும். அடிப்பாகத்துக்குச் சற்று மேலே பித்தளை இழுபட்டு மெலியும். அங்கே கிழிந்துவிட்டால் .308-இல் 60,000 பிஎஸ்ஐயை நெருங்கும் அழுத்தமுள்ள வாயு ஆக்‌ஷனுக்குள் பாயும். அதற்கு ஓர் அடிக்குள்தான் உங்கள் முகம் இருக்கிறது. சும்மா மூடிப் பார்த்து, "நல்லாத்தான் மூடுது" என்று திருப்தி அடையக் கூடாது என்பது இதனால்தான்.

சரி, இனி வழிகளைப் பார்ப்போம்.

மாற்றுவதற்கென்றே வடிவமைத்த ரைஃபிள்கள்

இந்த வகை உங்களிடம் இருந்தால் யோசனையே வேண்டாம், வீட்டிலேயே செய்யுங்கள். பிளேஸர் நிறுவனத்தின் ஆர்93, அதற்குப் பின் 2008-இல் வந்த ஆர்8 ஆகியவற்றில் போல்ட் தலை நேராகப் பேரலுக்குள்ளேயே பூட்டிக்கொள்ளும். ரிசீவருக்கு அந்த அளவில் பங்கே இல்லை. ஆக்யூரசி இன்டர்நேஷனலின் ஏடி மாதிரியில் ஒரே ஒரு ஸ்குரூவைத் தளர்த்தினால் பேரலைக் கையாலேயே திருகி எடுத்துவிடலாம். ரிம்ஃபயரில் சிஇசட் 455, 457 இரண்டிலும் பேரலைப் பிடித்திருப்பது ஒரு ஜோடிச் சிறு ஸ்குரூக்கள்தான். 1964-இல் வந்த ரூகர் 10/22-இல் வி வடிவப் பிடியும் இரண்டு ஸ்குரூவும் இருக்கும். இங்கெல்லாம் ஹெட்ஸ்பேஸ் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிட்டது. உங்கள் வேலை சுத்தமாகத் துடைத்து, சொன்ன டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்கி, ஸ்கோப்பை மறுபடி ஜீரோ செய்வது மட்டும்.

குறை என்று சொன்னால், அந்த வடிவத்துக்கென்று செய்த பேரலைத்தான் வாங்க முடியும், செலவும் அதற்கேற்ப ஏறும். ரூகரிலும் சிஇசட்டிலும் அந்தக் கவலை குறைவு, வெளி நிறுவனங்களின் பேரல்கள் தாராளமாகக் கிடைக்கின்றன.

நட் வைத்த பேரல்

சேவேஜ் நிறுவனம் 1958-இல் கொண்டுவந்த மாடல் 110-இல் பேரலை ரிசீவருக்குள் திருகி, வேண்டிய இடத்தில் நிறுத்தி, வெளியிலிருந்து ஒரு லாக் நட்டால் பூட்டும் ஏற்பாடு இருந்தது. தொழிற்சாலையில் வேலையைச் சுலபமாக்கச் செய்த ஏற்பாடு அது. பிற்காலத்தில் வீட்டில் பேரல் மாற்றுபவர்களுக்கு அதுவே கதவைத் திறந்துவிட்டது. 1962-இல் வந்த ரெமிங்டன் 700-க்கும் இதே முறையில் நட் வைத்த பேரல்கள் இப்போது கிடைக்கின்றன. ரெமிங்டன், சேவேஜ் என்ற இரண்டு பெயர்களையும் சேர்த்து அதை ரெமேஜ் என்கிறார்கள்.

இங்கே ஹெட்ஸ்பேஸை நிர்ணயிப்பவர் நீங்கள். அதனால் இந்த வழியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வேலையின் சாரம் இது: பழைய பேரலைக் கழற்றிவிட்டு, கோ கேஜைச் சேம்பரில் வைத்து, போல்ட்டை மூடி, கேஜ் போல்ட் முகத்தைத் தொடும் வரை புது பேரலைக் கையால் திருகி, அந்த இடத்திலேயே நட்டை இறுக்குவது. கேட்க ஐந்து நிமிட வேலைபோல இருக்கும். ஆனால் மரையின் கணக்கைப் பாருங்கள். சேவேஜின் வழக்கமான பேரலில் அங்குலத்துக்கு 20 மரை. ஒரு முழுச் சுற்றுக்குப் பேரல் 0.050 அங்குலம் நகரும். உங்களுக்கு அனுமதித்த 0.004 அங்குலம் என்பது அந்தச் சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. ரெமிங்டனில் அங்குலத்துக்கு 16 மரை, அங்கே இடம் இன்னும் குறைவு, சுமார் 23 டிகிரி. நட்டை இறுக்கும்போது பேரலும் அதோடு சேர்ந்து கொஞ்சம் திரும்பிவிடும். நட் கடைசி இறுக்கத்துக்கு வரும்போது மரைகளுக்கு இடையே உள்ள லூஸும் இழுபட்டு, பேரல் இம்மியளவு முன்னே வரும். இறுக்குவதற்கு முன் சரியாக இருந்தது இறுக்கியபின் தவறிப்போவது இப்படித்தான். ஆகவே இறுதி டார்க்கில் இறுக்கியபின் கோ, நோ-கோ இரண்டையும் மறுபடி வைத்துப் பார்ப்பது கட்டாயம். சரியில்லை என்றால் தளர்த்தி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாவது, மூன்றாவது முறையில் சரியாக வருவது சாதாரணம், அதில் சலிப்பு காட்டக் கூடாது.

கேஜை வைத்துப் பார்ப்பதிலும் ஒரு கை உணர்வு இருக்கிறது. எஜெக்டர் ஸ்பிரிங் கேஜை முன்னே தள்ளும், எக்ஸ்ட்ராக்டர் விளிம்பில் உரசும், ஃபயரிங் பின் ஸ்பிரிங் கைப்பிடியில் கனம் ஏற்றும். இவை எல்லாம் சேர்ந்தால் கை என்ன உணர்கிறது என்றே புரியாது. போல்ட்டை அந்த ரைஃபிளின் கையேடு சொல்லும் முறையில் பிரித்து வெறும் போல்ட்டாக வைத்துச் செய்தால் கோ கேஜ்மேல் கைப்பிடி தன் எடையிலேயே கீழே விழும். நோ-கோ வைத்தால் பாதி வழியில் தட்டென்று நிற்கும். ஒரு விரலுக்கு மேல் பலம் கொடுத்தால் அது சோதனை அல்ல. கடினப்படுத்திய கேஜை அழுத்தி மூடினால் சேம்பர் தோளும் போல்ட்டைப் பூட்டும் லக்குகளும்தான் கெடும். இன்னொன்றும் அழுத்திச் சொல்ல வேண்டும்: கேஜ் வாங்காமல் உயிருள்ள தோட்டாவை வைத்து அளவு பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். செய்யவே செய்யாதீர்கள். ஆபத்து ஒரு புறம், தோட்டாக்களின் நீளம் லாட்டுக்கு லாட் மாறும் என்பதால் அளவும் பொய்யாகும்.

கருவிகளும் வேண்டும். நல்ல பேரல் வைஸ், உங்கள் ரிசீவருக்கென்று செய்த ஆக்‌ஷன் ரெஞ்ச், நட் ரெஞ்ச், டார்க் ரெஞ்ச், இரண்டு கேஜ்கள். ரிசீவரைச் சாதாரண வைஸில் கவ்விப் பைப் ரெஞ்சால் திருகியவர்கள் ரிசீவரையே முறுக்கியிருக்கிறார்கள். பேரல் தேய்ந்தால் பேரல் வாங்கலாம், ரிசீவர் கோணினால் ரைஃபிளே போயிற்று. ஒரே ஒரு பேரலுக்காக இவை எல்லாவற்றையும் வாங்குவது லாபமில்லை. ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒரு பேரலை முடிக்கும் போட்டியாளர்களுக்கு இரண்டாவது, மூன்றாவது பேரலிலேயே கருவிச் செலவு திரும்பிவிடும்.

ரெமேஜ் போடுபவர்கள் இரண்டு விஷயங்களை மறந்துவிடுகிறார்கள். ரெமிங்டனில் பின்னுதைப்பைத் தாங்கும் ரீகாயில் லக் என்பது ரிசீவருக்கும் பேரலுக்கும் நடுவே செருகிய ஒரு தனித்தட்டு. இறுக்கும்போது அது சாய்ந்துவிட்டால் ஸ்டாக்கில் (கட்டையில்) சரியாக உட்காராது. அடுத்தது, நட்டின் பருமன் பழைய பேரலைவிடக் கூடுதலாக இருந்தால் ஸ்டாக்கின் பேரல் வாய்க்காலை அகலப்படுத்த வேண்டிவரும்.

இத்தனைக்குப் பிறகும், சேவேஜ் வைத்திருப்பவருக்கு நான் வீட்டு வேலையைத்தான் சிபாரிசு செய்வேன். ஒவ்வொரு படியையும் கேஜ் சரிபார்த்துக் கொடுக்கிறது. தவறினால் தளர்த்தித் திரும்பச் செய்யலாம், உலோகத்தை வெட்டுவது எங்கும் கிடையாது. திருத்த முடியாத தவறு இல்லாத வேலை என்பதுதான் இதன் பெரிய பலம்.

தோள் வைத்த பிரீஃபிட்

பிரீஃபிட் என்றால் முன்கூட்டியே அளவுக்குக் கடைந்த பேரல். இதில் நட் இல்லை. பேரலின் தோள் ரிசீவர் முகத்தில் போய் முட்டும், அதுதான் ஹெட்ஸ்பேஸ். திருகி இறுக்கினால் முடிந்தது. ரிசீவர் தயாரிப்பவர் ஒவ்வொரு ரிசீவரையும் ஏறக்குறைய ஒரே அளவில் கடைந்தால் மட்டுமே இது சாத்தியம். போட்டிகளுக்கென்று செய்யும் இக்காலத் தனிரக ஆக்‌ஷன்கள் பலவும் அப்படித்தான் வருகின்றன. டிக்கா டி3 வகைக்கும் இப்படிப்பட்ட பேரல்களைச் சிலர் விற்கிறார்கள். பழைய ரெமிங்டன் 700-இல் ஒரு ரிசீவருக்கும் இன்னொன்றுக்கும் அளவு மாறும், அதனால்தான் அதற்கு நட் தேவைப்பட்டது.

நட் வைத்ததைவிட வேலை எளிது, பார்க்கவும் அழகு. ஆனால் கேஜ் வைத்துப் பார்த்து அளவு தவறியிருந்தால் நீங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை, பேரலைத் திருப்பி அனுப்பத்தான் வேண்டும். விற்பவர் நல்லவராக இருக்கலாம், அளவும் சரியாகவே இருக்கலாம், இருந்தாலும் கேஜ் இல்லாமல் சுடாதீர்கள்.

தொழிற்சாலையிலிருந்து வந்த முதல் பேரலைக் கழற்றுவதுதான் இங்கே பெரும்பாடு. பல ஆண்டுகள் இறுகிக்கிடந்த பேரல் வைஸிலேயே வழுக்கும். எண்ணெய் ஊற, அளவான சூடு, கனமான வைஸ் என்று முயன்றும் வரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். கன்ஸ்மித் லேத்தில் போட்டு, தோளுக்கு முன்னால் பேரலில் ஒரு பள்ளம் வெட்டி இறுக்கத்தைத் தளர்த்துவார். பழைய பேரல் எப்படியும் தேய்ந்ததுதானே, வெட்டுப்பட்டால் நஷ்டமில்லை. கழற்றுவதை மட்டும் பட்டறையில் செய்துகொண்டு, பொருத்துவதை வீட்டில் செய்வது நல்ல ஏற்பாடு.

குறைவாகக் கடைந்த சேம்பர்

மரை வெட்டி, சேம்பரைக் கொஞ்சம் குறைவாகவே கடைந்து விற்கும் பேரல்களும் உண்டு. இறுக்கிவிட்டு, ரீமர் என்ற வெட்டுக்கருவியைக் கையால் திருப்பிக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். விலை குறைவு என்பதால் ஆசை காட்டும். எனக்கு இது பிடிக்கவில்லை. வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. ரீமர் ஒரு பக்கம் சாய்ந்தால் சேம்பர் அகலும், ஒரு சீவல் சிக்கினால் கீறல் விழும், ஆயிரத்தில் இரண்டு மூன்று கூடுதலாக வெட்டினால் பேரலைப் பின்னே கொண்டுவர லேத் வேண்டும். அப்போது கன்ஸ்மித்துக்குக் கொடுக்கும் கூலி மிச்சம் பிடித்ததைவிட அதிகமாகிவிடும்.

கன்ஸ்மித்திடம் கொடுப்பது

கூலியும் காத்திருப்பும்தான் இதன் குறைகள். நல்ல ஆளென்றால் வரிசை மாதக்கணக்கில் நீளும். ஆனால் அவர் கொடுப்பது வெறும் பேரல் மாற்றம் மட்டுமல்ல. ரிசீவரின் முகம் துளைக்குச் செங்குத்தாக இருக்கிறதா, இரண்டு லக்கும் சமமாகத் தாங்குகின்றனவா என்று பார்த்துச் சரிசெய்வார். துளையின் மையத்தை ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவான பிசகில் லேத்தில் நிறுத்தி, அந்த மையத்திலேயே சேம்பரும் மரையும் வெட்டுவார். ஹெட்ஸ்பேஸை உங்கள் போல்ட்டுக்கே பொருத்துவார். த்ரோட் நீளத்தை நீங்கள் சுடும் குண்டுக்கு ஏற்ப வைப்பார். மேசையில் தாங்கிவைத்து மிகத் துல்லியமாகச் சுடும் பென்ச்ரெஸ்ட் போட்டியாளருக்கு இது வேண்டும். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு நல்ல பிரீஃபிட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் தாளில் தெரியாது என்பதே என் மதிப்பீடு. தோட்டாவும் காற்றும் சுடுபவரின் மூச்சும் அதைவிடப் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும்.

பட்டறையில் மட்டும் கிடைக்கும் இன்னொரு வழியும் இருக்கிறது. பேரல் தடிமனாக, நீளமாக இருந்து, த்ரோட் மட்டும் அரித்திருந்தால், பின்பக்கம் ஓர் அங்குலம் போல வெட்டி, மரையும் சேம்பரும் புதிதாகக் கடையலாம். புதிய பேரலுக்குச் செலவில்லை, ஆயுளில் கொஞ்சம் மீளும். ரைஃப்ளிங் முழுக்கச் செத்திருந்தால் பயனில்லை, அதனால் முதலில் போர்ஸ்கோப்பில் பார்த்துவிடுங்கள்.

பழைய ராணுவ ரைஃபிள் வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் இந்த வழிக்கே வாருங்கள். லீ-என்ஃபீல்ட் நம்பர் 4-இல் ஹெட்ஸ்பேஸைச் சரிக்கட்ட 0 முதல் 3 வரை எண்ணிட்ட போல்ட் தலைகள் உண்டு. பேரலைப் பொருத்தும்போது சைட் நேர்க்கோட்டில் நிற்கும்படி மரை முடிய வேண்டும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று நகரும் பொருத்தம் அது.

சட்டத்தில் வரும் வேறுபாடு

சில சமயம் மேலே சொன்ன ஒப்பீடு எதுவும் தேவைப்படாமல் போகலாம், ஏனெனில் உங்கள் ஊர்ச் சட்டமே முடிவு செய்துவிடும். அமெரிக்க மத்தியச் சட்டத்தில் ரிசீவர்தான் துப்பாக்கி, பேரல் வெறும் உதிரிபாகம். ஜெர்மனியில் பேரலே உரிமத்தில் ஏற வேண்டிய முக்கிய பாகம். துப்பாக்கிச் சோதனைக்கான சர்வதேச அமைப்பான சி.ஐ.பி.-யின் உறுப்பு நாடுகளில் புது பேரல் புரூஃப் என்ற அழுத்தச் சோதனைக்குப் போக வேண்டியிருக்கும். இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டம் உரிமம் இல்லாமல் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதையே தடுக்கிறது, அங்கே வீட்டு வேலை என்ற வழியே கிடையாது. .308-இலிருந்து 6.5 கிரீட்மோருக்குப் போல்ட் மாற்றாமலே போகலாம், இரண்டுக்கும் போல்ட் முகம் ஒன்றுதான். ஆனால் உரிமத்தில் காலிபர் எழுதியிருக்கும் நாடுகளில் அதையும் மாற்றிய பிறகே பேரலுக்குப் பணம் கட்டுங்கள்.

ஆக, தேர்வை இப்படிப் பிரிப்பேன். பேரல் மாற்றும் வடிவம், சேவேஜ் நட், அளவு தவறாத ஆக்‌ஷனுக்கான பிரீஃபிட் மூன்றும் வீட்டுக்கு. ரெமிங்டன் 700 என்றால், இனியும் பேரல் மாற்றப்போகிறவர் ரெமேஜுக்கு வரலாம், ஒரே தடவைதான் என்றால் கன்ஸ்மித். குறைவாகக் கடைந்த சேம்பர் வேண்டாம். ராணுவ ரைஃபிளும், ரிசீவரில் சந்தேகம் உள்ள எதுவும் பட்டறைக்கு.

பேரல் ஆர்டர் செய்யும்போது மரை அளவு, போல்ட் முகம், ட்விஸ்ட் (ரைஃப்ளிங் ஒரு சுற்று முடிக்கும் நீளம்), பருமன் நான்கையும் எழுதி அனுப்புங்கள். 6.5 கிரீட்மோரில் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது நீளமான குண்டுகளுக்கும் போதும். .308-இல் 10 வைத்தால் கனமான குண்டுகளையும் தாங்கும். கழற்றிய பழைய பேரலை மூலையில் சாத்திவிடாதீர்கள். பேரலைப் பதிவு செய்யும் நாடுகளில் தேய்ந்தாலும் அது உங்கள் பெயரில்தான் இருக்கும். ஒப்படைப்பதோ அழிப்பதோ எதுவானாலும் பதிவில் நீக்கிய ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.